நரம்பு மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சிக்குப் போகலாமா? பயோமெடிக்கல்காரர்கள் சொல்லுங்கள்

சேலத்து_மீட்டர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பி.இ. பயோமெடிக்கல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு தனியார் மருத்துவமனையில் பயோமெடிக்கல் இன்ஜினியர். வென்டிலேட்டருக்கு மெயின்டனன்ஸ், இன்ஃப்யூஷன் பம்ப் கேலிபரேஷன், சிரிஞ்ச் பம்புக்கு பேட்டரி மாற்றுவது, ஆடிட் வந்தால் ஃபைல் தேடி ஓடுவது, இதுதான் வேலை. குறை சொல்லவில்லை. ஆனால் இதையே ரிட்டயர்மென்ட் வரைக்கும் செய்ய மனம் ஒப்பவில்லை.

பக்கவாதம், முதுகுத்தண்டு அடி, மூளைக் காயம் வந்தவர்களுக்குக் கை கால் திரும்பவரக் கருவி செய்கிற ஆராய்ச்சிப் பக்கம் போக ஆசை. மூளையில் சிப் வைத்து ஒருவர் நடக்கிற வீடியோ பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை என்றே சொல்லலாம். கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக்., அப்புறம் பி.எச்டி. என்று யோசனை. வீட்டில் "இன்னும் ஏழு வருஷம் படிப்பா?" என்கிறார்கள். இந்தத் துறையில் உண்மையிலேயே வேலை இருக்கிறதா? அதைவிட முக்கியமாக, இந்தக் கருவிகள் வேலை செய்கின்றனவா?

கைப்பிடி

தம்பி, இந்தத் துறையில் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். அதற்குப் பதில் தெரியாமல் முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் ஏமாற்று வேலை.

நீங்கள் பார்த்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கிரெகுவார் கூர்ட்டின் குழு 2023-இல் வெளியிட்டதாக இருக்கும். சைக்கிள் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட ஒருவருக்கு மூளையின் சமிக்ஞையை எடுத்து, அடிபட்ட இடத்துக்குக் கீழே தண்டுவடத்துக்குக் கொடுத்தார்கள். அவர் நின்றார், நடந்தார், படி ஏறினார். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுரையில் இருப்பது ஒரே ஒரு நோயாளி. உங்களுக்குக் கிடைக்கப்போகும் வேலை பெரும்பாலும் பக்கவாதம் வந்த ஒருவரின் மணிக்கட்டைப் பற்றியதாக இருக்கும்.

இந்தத் துறையின் மூத்த ரோபோ எம்.ஐ.டி.-மேனஸ். நெவில் ஹோகன், ஹெர்மானோ இகோ கிரெப்ஸ் குழு எம்.ஐ.டி.யில் செய்தது. 1994-இல் நியூயார்க் பக்கம் பர்க் மறுவாழ்வு மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். மேசை மேல் கை நகரும், திரையில் இலக்கு தெரியும், அதைத் தொட வேண்டும். அதன் அழகு கன்ட்ரோலில், அதாவது மோட்டாரை இயக்கும் முறையில் இருக்கிறது. விஜயதசமி அன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைப்பார்களே, அதே மாதிரி. குழந்தை சரியாகப் போனால் பிடி தளரும், விலகினால் மெதுவாகத் திருப்பும். ஹோகன் 1985-இல் எழுதிய இம்பிடன்ஸ் கன்ட்ரோல் கட்டுரைகளின் சாரம் இதுதான். தொழிற்சாலை ரோபோ மாதிரி "இந்த இடத்துக்குப் போ" என்று பிடித்து இழுக்காது.

சரி, பலன்? 2010-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 127 பேரை வைத்துச் சோதித்தார்கள். எல்லோருக்கும் பக்கவாதம் வந்து குறைந்தது ஆறு மாதம் ஆகியிருந்தது. ரோபோவில் ஒரு அமர்வுக்குச் சராசரியாக 1,024 அசைவுகள். 12 வாரம் கழித்து, வழக்கமான சிகிச்சையை விடக் குறிப்பிடும்படி மேல் இல்லை. 36 வாரத்தில், கை அசைவை அளக்கும் ஃபூகல்-மேயர் அளவுகோலில் 3 புள்ளிக்கும் குறைவான வித்தியாசம். அந்த அளவுகோல் முழுக் கைக்கும் சேர்த்து 66 புள்ளி. மனிதக் கையால் அதே தீவிரத்தில் சிகிச்சை பெற்றவர்களைவிட ரோபோ ஒரு படி கூட முந்தவில்லை.

பிறகு பிரிட்டனில் 770 பேரை வைத்து ஒரு சோதனை, ராட்டுல்ஸ் என்று பெயர், 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 'தேறினார்' என்று முன்கூட்டியே வரையறுத்திருந்த அளவை எட்டியவர்கள்: ரோபோவில் 44 சதவீதம், மனிதர் கொடுத்த கூடுதல் பயிற்சியில் 50, வழக்கமான சிகிச்சையில் 42. கையின் அசைவு மதிப்பெண் ரோபோக் குழுவில் கொஞ்சம் ஏறியது. கையால் வேலை செய்யும் திறன் ஏறவில்லை.

இதைப் படித்த பிறகும் வரத் தோன்றினால் வாருங்கள்.

நெம்புகோல்

அண்ணா, பையனை இப்படியா பயமுறுத்துவது? 😀

நான் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் இருக்கிறேன், கை பயிற்சிக் கருவிதான். நீங்கள் சொன்ன இரண்டு சோதனையும் பணக்கார நாட்டுச் சோதனை. அங்கே 'தெரபிஸ்டுக்குச் சமம்' என்றால் தோல்வி, ஏனென்றால் தெரபிஸ்ட் ஏற்கெனவே இருக்கிறார். நம் ஊரில் தாலுகா ஆஸ்பத்திரியில் பிசியோ ஒருவர், வாசலில் முப்பது பேர். அங்கே சமம் என்றால் வெற்றி. இதைச் சொல்லாமல் லான்செட் கணக்கை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்.

பிசியோ_மதுரை

நெம்புகோல் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. நான் பிசியோதெரபிஸ்ட், நரம்பியல் பிரிவில் பல வருடம். என் அறையில் நடப்பதைச் சொல்கிறேன்.

பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆன ஒரு அம்மா வருகிறார். விரல்கள் இறுகி மடங்கி, கட்டை விரல் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். அப்படியே விரலைப் பிரித்தால் வலிக்கும், இன்னும் இறுகும். முதலில் மணிக்கட்டை மெதுவாகக் கீழே மடக்க வேண்டும், அப்போது விரல் தானாகத் தளரும். அதற்குப் பிறகு கட்டை விரலை அடியிலிருந்து பிடித்து வெளியே கொண்டு வர வேண்டும், நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிறகுதான் கருவியின் பிடியில் வைப்பது. வளையல் போய்ப் பட்டியில் சிக்கும். கையில் எண்ணெய் தடவி வந்திருந்தால் வழுக்கும். வெல்க்ரோ பழசாகி நூல் நூலாக இருந்தால் பிடிக்காது. ஒரு கையை மாட்டி நேராக்க ஐந்து நிமிடம் ஓடிவிடும், கழற்ற இன்னும் கொஞ்சம். நடுவில் தோள் வலிக்கிறது என்பார்கள்.

இத்தனையையும் செய்வது யார்? நான்தான். கருவி வந்ததால் என் வேலை குறையவில்லை. ஒரே நேரத்தில் மூன்று பேரை மூன்று கருவியில் உட்கார வைக்க முடிந்தால் மட்டும் கணக்கு சரியாகும். அப்படி யோசித்து வடிவமைத்த கருவியை நான் அதிகம் பார்க்கவில்லை. விற்க வருபவர்கள் திரையில் ஓடும் கேமைக் காட்டுவார்கள், மாட்டுவதை யாரும் செய்து காட்ட மாட்டார்கள்.

ஆனால் கைப்பிடி சார் சொல்லாத இன்னொன்றும் உண்டு. 2009-இல் கேத்தரின் லாங் குழு வட அமெரிக்க மருத்துவமனைகளில் 312 அமர்வுகளை உட்கார்ந்து எண்ணினார்கள். ஒரு அமர்வில் கைக்குச் சராசரியாக 32 முறைதான் பயன்பாட்டு அசைவு. விலங்குச் சோதனைகளில் மூளை மாறுவதைப் பார்த்தது நூற்றுக்கணக்கான முறை செய்ய வைத்து. என் அறையில் எண்ணினால் 32 கூட வராத நாட்கள் இருக்கும். அதனால் இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

சேலத்து_மீட்டர்

மேடம், ஒரு சந்தேகம். மனிதர் 32, ரோபோ 1,024. அப்படியிருந்தும் ரோபோ ஏன் ஜெயிக்கவில்லை? எனக்கு இது குழப்பமாக இருக்கிறது.

கைப்பிடி

நல்ல கேள்வி. இந்தத் துறையில் பாதிப் பேர் இதற்குப் பதில் தேடித்தான் சம்பளம் வாங்குகிறோம்.

ஒரு பதில், 1,024 அசைவும் ஒரே மாதிரி. மேசை மட்டத்தில் தோளும் முழங்கையும் போய் வருகின்றன. எதைத் திரும்பத் திரும்பச் செய்தோமோ அது தேறுகிறது, பக்கத்து மூட்டுக்கு அது போய்ச் சேருவதில்லை.

இரண்டாவது, நோயாளி சும்மா இருந்துவிடுகிறார். மோட்டார் தள்ளும் என்று தெரிந்தால் உடம்பு தன் முயற்சியைக் குறைத்துக்கொள்ளும். இதை கலிஃபோர்னியாவில் டேவிட் ரைங்கென்ஸ்மயர் குழு நன்றாகக் காட்டியிருக்கிறது. அதனால்தான் 'தேவையான அளவுக்கு மட்டும் உதவு' என்ற கன்ட்ரோல் வகை வந்தது. எழுதிப் பார்த்தால் நாலு வரி சமன்பாடு. நோயாளி இன்று களைத்திருக்கிறாரா, சோம்பல் படுகிறாரா, நிஜமாகவே முடியவில்லையா என்பதை சென்சாரிலிருந்து பிரித்தறிவதில்தான் பி.எச்டி.க்கள் தீர்கின்றன.

மூன்றாவது பதில் சங்கடமானது. எண்ணிக்கையைக் கூட்டினால் போதும் என்பதே சந்தேகம். அதே லாங் 2016-இல், பழைய பக்கவாதம் உள்ள 85 பேருக்கு மொத்தம் 3,200, 6,400, 9,600 என்று வெவ்வேறு அளவில் கொடுத்துப் பார்த்தார். கூடுதலாகச் செய்தவர்கள் கூடுதலாகத் தேறவில்லை.

அப்போ சீக்கிரமே ஆரம்பித்தால்? பக்கவாதம் வந்த எலிகளில் பயிற்சியை ஐந்தாம் நாள் தொடங்கியதும் முப்பதாம் நாள் தொடங்கியதும் ஒன்றில்லை, முன்னது தெளிவாக மேல். ஆனால் மனிதர்களில் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அதிகமாக நடமாட வைத்த ஏவர்ட் சோதனையில், 2,104 பேர், 2015, அந்தக் குழுவின் முடிவு கொஞ்சம் மோசமாகத்தான் வந்தது. சீக்கிரம் நல்லது, ரொம்பச் சீக்கிரம் நல்லதில்லை. எங்கே கோடு என்று இன்னும் தேடுகிறோம்.

ஆல்ப்ஸ்_அடிவாரம்

சுவிட்சர்லாந்தில் பி.எச்டி. முடித்து இங்கேயே வேலை. கால் பக்கக் கதையும் இதேதான் என்று சொல்லத்தான் வந்தேன். லோகோமாட் இங்கே சூரிக் பால்கிரிஸ்ட் மருத்துவமனையில் கெரி கொலம்போ தொடங்கியது. டிரெட்மில் மேலே ஆளைத் தொங்கவிட்டு, இரண்டு காலையும் மோட்டார் சட்டத்தில் மாட்டி நடத்தும். பார்க்க அவ்வளவு பிரமாதமாக இருக்கும். 2008-இல் ஹார்ன்பி, 2009-இல் ஜோசப் ஹிட்லர் (Hidler, அமெரிக்க இன்ஜினியர்), இரண்டு சோதனையிலும் பக்கவாதத்தில் தெரபிஸ்ட் பிடித்து நடத்திய குழு அதிகமாகத் தேறியது. நடக்கவே முடியாத ஆரம்ப நிலை ஆட்களுக்கு இயந்திரம் உதவுகிறது என்று பிற்பாடு வந்த தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. ஓரளவு நடப்பவரை அதில் மாட்டினால் அவர் வேலையை அது செய்துவிடுகிறது.

வீடியோ பார்த்து வந்ததற்குத் தம்பியைக் கிண்டல் செய்ய மாட்டேன். நானும் அப்படி வந்தவன்தான், 2016-இல் குளோட்டனில் நடந்த முதல் சைபத்லானைப் பார்க்காமல் இருந்திருந்தால் கார் கம்பெனிக்குப் போயிருப்பேன். சூரிக் இ.டி.ஹெச். பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ரீனர் தொடங்கிய போட்டி அது. மாற்றுத்திறனாளிகள் எக்ஸோஸ்கெலிட்டன் (உடம்பில் மாட்டும் மோட்டார் சட்டம்), செயற்கைக் கை, மின் தூண்டல் சைக்கிள் என்று கருவிகளோடு போட்டி போடுவார்கள். ஓட்டப் பந்தயம் என்று நினைத்துவிடாதீர்கள். சோபாவில் உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது, இதுதான் போட்டி. பல கோடி ரூபாய் ஆராய்ச்சியில் உருவான எக்ஸோஸ்கெலிட்டன் ஒரு சோபாவிலிருந்து எழத் தடுமாறுவதை நேரில் பார்த்தால் துறை எங்கே நிற்கிறது என்று புரியும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தொழில்நுட்பம் ஜெயித்தும் நோயாளி தோற்ற கதை உண்டு. கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர்கள் கையால் பிடிக்க உடலுக்குள் பொருத்தும் ஃப்ரீஹேண்ட் கருவி, கிளீவ்லாந்தில் ஹன்டர் பெக்கம் குழுவின் உழைப்பு, 1997-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இருநூறு பேருக்கு மேல் பொருத்தினார்கள். கருவி வேலை செய்தது, ஆட்கள் தாங்களாகச் சாப்பிட்டார்கள், எழுதினார்கள். 2001 வாக்கில் கம்பெனி லாபமில்லை என்று விலகிவிட்டது. உடலுக்குள் மின்முனை இருக்கிறது, உதிரிப் பாகம் தருகிற கம்பெனி இல்லை. மூளைச் சிப் பற்றிக் கனவு காணும்போது இதையும் ஓர் ஓரத்தில் வையுங்கள்.

தாமரைக்கொடி

நான் இன்ஜினியர் இல்லை. என் கணவருக்குப் பக்கவாதம், வலது பக்கம். தேடிப் படிக்கும்போது இந்த இழை கண்ணில் பட்டது. எழுதலாமா என்று தயங்கினேன்.

நீங்கள் எல்லோரும் புள்ளி, சதவீதம் என்று பேசுகிறீர்கள். அவர் முதல் வாரத்திலிருந்து கேட்டது ஒன்றே ஒன்று: "சாப்பிடுற கை வருமா?" இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறார், வீட்டில் பிரச்சினை இல்லை. ஆனால் விசேஷ வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறார். பந்தியில் இடது கையால் சாப்பிட வேண்டுமே என்று. உறவில் இரண்டு கல்யாணத்துக்குப் போகாமலே விட்டுவிட்டோம்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரோபோ பயிற்சி கொடுத்தார்கள். திரையில் பழம் பறிப்பது, பந்து பிடிப்பது. அவருக்குப் பிடித்திருந்தது, நன்றாகச் செய்கிறார் என்றார்கள். முழங்கை நீட்டுவது நிஜமாகவே தேறியது. ஆனால் போக வர ஆட்டோ, கூட ஒரு ஆள், காலையில் போனால் மதியம் ஆகிவிடும். மகன் லீவு முடிந்ததும் நின்றுவிட்டது. வீட்டில் துணி மடி, டம்ளர் எடு என்று நான் செய்யவைக்கிறேன். எவ்வளவு செய்ய வேண்டும், சரியாகச் செய்கிறோமா என்று சொல்ல ஆள் இல்லை.

பிசியோ_மதுரை

அம்மா, நீங்கள் எழுதியது ரொம்ப நல்லது. வீட்டில் செய்வதை நிறுத்தாதீர்கள். கையை உருட்டித் திருப்புவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உள்ளங்கை மேலே பார்க்க, கீழே பார்க்க. தோள் வலி இருந்தால் மட்டும் பக்கத்தில் இருக்கும் பிசியோவிடம் ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள்.

வீட்டு ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தால் போதுமே, கருவி எதற்கு என்று யாராவது கேட்பார்கள், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன். அதையும் நம் நாட்டிலேயே சோதித்தாகிவிட்டது. அட்டெண்ட் என்ற சோதனை, இந்தியாவில் 14 மருத்துவமனை, 1,250 நோயாளிகள், 2017 லான்செட். குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்திருப்பவர்கள் இரண்டு குழுவிலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை. குடும்பத்தின் மேல் பாரத்தைப் போட்டால் தீர்ந்துவிடும் என்பதும் உண்மை இல்லை.

நெம்புகோல்

அப்போ ரோபோவும் இல்லை, குடும்பமும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. கடையை மூடிவிடலாமா?

கைப்பிடி

மூட வேண்டாம், ஒரு கணக்கைப் பாருங்கள்.

ராட்டுல்ஸில் கொடுத்தது 45 நிமிடம், வாரம் மூன்று நாள், 12 வாரம். மொத்தம் 27 மணி நேரம். லண்டன் குயின் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் நிக் வார்ட் நடத்தும் கைப் பயிற்சித் திட்டம் மூன்று வாரத்தில் 90 மணி நேரம். பெரும்பாலும் பழைய பக்கவாதக்காரர்கள், 224 பேரின் முடிவை 2019-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது ஃபூகல்-மேயரில் 9 புள்ளி அளவுக்கு ஏற்றம். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு, அதனால் கண்ணை மூடி நம்பச் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய பக்கவாதத்தில் 9 புள்ளி என்பது யாரும் எதிர்பார்க்காதது. அங்கே வெறும் எண்ணிக்கை இல்லை, ஒவ்வொருவரின் வேலையையும் துண்டு துண்டாக உடைத்து, அவர் கேட்ட வேலைக்கே பயிற்சி.

என் கட்சி இதுதான்: 27 மணி நேரத்தில் தெரபிஸ்டை ரோபோ ஜெயிக்குமா என்று கேட்டுக் கேட்டுப் பத்துப் பதினைந்து வருடத்தை ஓட்டிவிட்டோம். நம் ஊரில் ஒரு கூலித் தொழிலாளிக்கு அந்த 90 மணி நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்க வேண்டும். தெரபிஸ்டால் முடியாது, ஆள் இல்லை. குடும்பத்தால் மட்டும் முடியாது, அட்டெண்ட் சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரி ரோபோவால் முடியாது, தாமரைக்கொடி அம்மா சொன்ன ஆட்டோக் கணக்கு. வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் இருக்கிற, ஒற்றைக் கையால் மாட்டக்கூடிய, தூரத்திலிருந்து ஒரு பிசியோ பார்த்துக்கொள்ளக்கூடிய கருவிதான் வழி. வேலை அங்கே இருக்கிறது தம்பி.

இன்னொன்று, அந்த அம்மா கேட்ட கை. எம்.ஐ.டி.-மேனஸின் மூல வடிவம் தோளுக்கும் முழங்கைக்கும். சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் வைக்கத் தேவை விரல், மணிக்கட்டு, அதைவிட முன்கை திரும்புவது. ஃபூகல்-மேயரில் ஐந்து புள்ளி ஏறி, சாப்பிட முடியாமலே ஒருவர் வீட்டுக்குப் போகலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸும் சி.எம்.சி. வேலூரும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ இதைப் பிடித்திருக்கிறது. ஒரே மோட்டார். முன்னால் மாட்டும் பிடியை மாற்றினால் மணிக்கட்டு மடக்க, முன்கை திருப்ப, கை திறந்து மூட. மேசை மேல் வைக்கலாம். ஒரு மோட்டார் என்பதால் விலை, எடை, பழுது எல்லாம் குறைகிறது. பார்க்க சாதாரணமாக இருக்கும், வீடியோவில் எடுபடாது.

வேலூருக்கு இது புதிதும் இல்லை. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அங்கே தொழுநோயாளிகளின் கைக்கு மறுசீரமைப்பு அறுவை செய்தது 1940-களின் கடைசியில். அவரிடம் பயின்ற மேரி வர்கீஸ் 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை செய்தார். 1966-இல் மறுவாழ்வு மையம் வந்தது. கையை என்ன செய்வது என்று அந்த ஊர் ரொம்ப காலமாக யோசிக்கிறது.

நெம்புகோல்

சரி, இதில் நான் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஒரே ஒரு திருத்தம். வீட்டுக் கருவி என்றால் யார் பணம் கொடுப்பது? இன்ஷூரன்ஸ் படுக்கையில் இருக்கிற வரைக்கும்தான் பேசும், வீட்டுக்கு வந்த பிறகு பெரும்பாலும் கைவிரிக்கும். வாடகைக்கு விட்டுப் பார்த்தோம். திரும்பி வந்த கருவியில் ஒன்றில் மோட்டார் உறைக்குள் எறும்புக் கூடு. கம்பெனி நடத்துவது கன்ட்ரோல் தியரி இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. 😀

பாளை_பி.எச்டி

பணம் பற்றி யாரும் எழுதவில்லையே. எம்.டெக்.குக்கு கேட் உதவித்தொகை மாதம் 12,400. பி.எச்டி.க்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை 2023 உயர்வுக்குப் பிறகு 37,000, அடுத்த கட்டமான எஸ்.ஆர்.எஃப். 42,000, வீட்டு வாடகைப்படி தனி. புராஜெக்ட் பணம் தாமதமாக வந்தால் இரண்டு மூன்று மாதம் சேர்த்து வரும், கையில் கொஞ்சம் இருக்கட்டும். படிப்பில் உங்களுக்கு ஏற்றது கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக்., ஐ.ஐ.டி. மெட்ராஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா, சி.எம்.சி. வேலூர் மூன்றும் சேர்ந்து நடத்துவது. மருத்துவமனைக்குள்ளேயே இருக்க வேண்டியிருக்கும், உங்களுக்கு அது பழக்கம்தானே. சேர்க்கை விதிகளை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடித்த பிறகு? பேராசிரியர் வேலை குறைவு, உண்மை. மருத்துவக் கருவிக் கம்பெனிகளில் ரெகுலேட்டரி (அரசு அனுமதி), கிளினிக்கல் எவிடென்ஸ் (மருத்துவச் சான்று) பிரிவுகளில் ஆள் தேடுகிறார்கள். 2017 மருத்துவக் கருவி விதிகள் வந்து, பிறகு எல்லாக் கருவிகளும் அதற்குள் வந்ததிலிருந்து அந்தத் தேவை கூடியிருக்கிறது. என் செட்டில் பாதிப் பேர் அங்கேதான், ரோபோவைத் தொட்டு நாளாகிறது என்று புலம்புவார்கள்.

நெறியாளர்

சம்பள விவரங்களுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே இத்தோடு போதும்.

சேலத்து_மீட்டர்

எல்லோருக்கும் நன்றி. தாமரைக்கொடி அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். போகலாம் என்றுதான் தோன்றுகிறது, சிப் பக்கம் இல்லாவிட்டாலும். கேட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரை வேலையில் இருந்துகொண்டே என்ன கற்றுக்கொள்ளலாம்? இப்போது செய்கிற வேலை இதற்கு ஏதாவது உதவுமா, இல்லை இரண்டு வருடம் வீண்தானா?

கைப்பிடி

வீணா? ஐயோ. எங்களைப் போன்ற லேபுகளில் முதல் புரோட்டோடைப்பை மருத்துவமனைக்குக் கொண்டு போகும்போது மாட்டிக்கொள்வது எங்கே தெரியுமா? லீக்கேஜ் கரண்ட், அதாவது கருவியிலிருந்து கசியும் மின்சாரம். எர்த் சரியாக இல்லை, பவர் சப்ளை மருத்துவத் தரத்தில் இல்லை, எத்திக்ஸ் கமிட்டியில் ஒருவர் பாதுகாப்புச் சோதனை அறிக்கை கேட்பார், மாணவர் முழிப்பார். நீங்கள் ஐ.இ.சி. 60601 என்ற மின் பாதுகாப்புத் தரச் சோதனையை அன்றாடம் செய்கிறவர். கரண்ட் போனால் மாட்டிய கை என்ன ஆகும், மோட்டார் பூட்டிக்கொள்ளுமா தளருமா, ஒரே இழுப்பில் பட்டி கழலுமா என்று உங்களுக்குத் தானாகத் தோன்றும். எங்கள் எம்.டெக். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர ஒரு வருடம் ஆகிறது.

கற்றுக்கொள்ள வேண்டியதில் முதலில் புள்ளியியல். கன்ட்ரோலை எம்.டெக்.கில் எப்படியும் சொல்லித்தருவார்கள், இதைச் சொல்லித்தர மாட்டார்கள். ஏன் என்றால் இதைக் கேளுங்கள். பக்கவாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் விரலைக் கொஞ்சமாவது நீட்டவும் தோளைப் பக்கவாட்டில் தூக்கவும் முடிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் கைத்திறன் ஓரளவு திரும்பும் வாய்ப்பு 98 சதவீதம். இரண்டும் முடியாதவர்களுக்கு 25. நெதர்லாந்தில் 2010-இல் வந்த ஆய்வு. இப்போது யோசியுங்கள், உங்கள் கருவியில் உட்கார்ந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் முதல் வகை என்றால் கருவி இல்லாமலே அவர்கள் தேறியிருப்பார்கள். நீங்கள் கட்டுரை எழுதிப் படம் போட்டு விருது வாங்குவீர்கள். இது நடக்கிறது.

அப்புறம் உங்கள் மருத்துவமனை பிசியோ அறைக்குப் போய் நில்லுங்கள். எதையும் சரிசெய்ய முயலாதீர்கள், பாருங்கள். முடிந்தால் லோடு செல் (விசையை அளக்கும் சென்சார்) வைத்து ஒரு கைப்பிடி வலிமை மீட்டர் நீங்களே செய்து பாருங்கள்.

பிசியோ_மதுரை

போகும்போது பிசியோ ஆட்களிடம் டீ நேரத்தில் பேசுங்கள், நோயாளி இருக்கும்போது இல்லை. எங்களிடம் ஒரு இன்ஜினியர் வந்தால் பெரும்பாலும் கருவியைக் காட்டிக் கருத்துக் கேட்பார். என்ன கஷ்டம் என்று முதலில் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

லேப் தேர்ந்தெடுக்கப் போகும்போதும் ஒன்று கேளுங்கள்: நோயாளி கடைசியாக இந்தக் கருவியில் எப்போது உட்கார்ந்தார்? போன வாரம் என்றால் சேருங்கள். கட்டுரை வந்த வருடத்தைச் சொன்னால் யோசியுங்கள்.

ஆல்ப்ஸ்_அடிவாரம்

+1. கூடவே, முன்பு படித்துப் போனவர்கள் செய்த கருவிகள் இப்போது எங்கே இருக்கின்றன என்றும் கேளுங்கள். எங்கள் தளத்தில் அலமாரிக்கு மேலே ஐந்தாறு எக்ஸோஸ்கெலிட்டன் தூங்குகின்றன.

தாமரைக்கொடி

தம்பி, மீட்டர் செய்தால் சொல்லுங்கள். அவர் முயற்சி செய்து பார்க்கிறேன் என்கிறார். கையை உருட்டித் திருப்புவதை மேடம் சொன்னபடி ஆரம்பித்திருக்கிறோம், பாதி வரைக்கும் வருகிறது.

சேலத்து_மீட்டர்

கண்டிப்பாக அம்மா. கைப்பிடி சார், லோடு செல் எத்தனை கிலோவுக்கு வாங்குவது? பலவீனமான கைதானே, 5 கிலோ போதுமா? கூட அதன் சிக்னலைப் படிக்க ஹெச்.எக்ஸ். 711 போர்டு போட்டால் சரியாக வருமா?

கைப்பிடி

5 கிலோ மட்டும் வாங்கினால் நல்ல கையை அளக்கும்போது செல் போய்விடும். ஆரோக்கியமான ஆண் கை 40 கிலோவைத் தாண்டும், இரண்டு கையையும் அளந்தால்தான் ஒப்பிட முடியும். 100 கிலோவில் ஒன்று, 5 கிலோவில் ஒன்று, தனித்தனிப் பிடியில் போடுங்கள். ஹெச்.எக்ஸ். 711 போதும், அளவெடுக்கும் வேகத்தை நொடிக்கு 80-இல் வையுங்கள், 10-இல் விட்டால் பிடியின் ஆரம்ப வேகம் தெரியாது. கைக்குள் போகிற பிடியை மெல்லியதாகச் செய்யாதீர்கள், இறுகிய விரலுக்கு அது இன்னும் இறுகும். பேட்டரியில் ஓட்டுங்கள், அடாப்டர் வேண்டாம். மனிதர் கையில் வைப்பதற்கு முன் உங்கள் பிசியோவிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.